புதிய செவிலியருக்கு டிரிப்ஸ் போடப் பயிற்றுவிக்கும் முறை

டிரிப்ஸ் போடக் கற்றுக்கொடுக்கும் பலர், கேனுலா என்னும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் நரம்புக்குள் ஏறியதுமே பயிற்சி முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். நோயாளிக்கு நேரும் தீங்குகளில் பல அதற்குப் பிந்தைய மணிநேரங்களில்தான் நேர்கின்றன என்பதால், பயிற்சியின் பெரும்பகுதி அங்கேதான் செலவாக வேண்டும்.

பயிற்சிக்கான ரப்பர் கையில் பழகியபின், மூத்த செவிலியர் அருகில் நிற்க, நோயாளியிடம் தொடங்கச் செய்யுங்கள். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் மார்கழிக் குளிரில் வரும் தோட்டத் தொழிலாளிகளுக்கு நரம்பு சுருங்கிக் கிடக்கும். வெதுவெதுப்பான துணியைச் சில நிமிடங்கள் கையில் சுற்றிவைத்தால் அது தெரியவரும். மண் படிந்த கையைச் சோப்பால் கழுவிய பிறகே ஸ்பிரிட் தடவ வேண்டும். அது தானாக உலர வேண்டும், தடவிய இடத்தை மறுபடி விரலால் தொடக் கூடாது. கேனுலாவின் அளவை நிறமும் எண்ணும் காட்டும்: பெரியவர்களுக்குப் பொதுவாக இளஞ்சிவப்பு 20, மெலிந்த முதியவர்களுக்கு நீலம் 22, விரைவாக ரத்தம் ஏற்றப் பச்சை 18 பொருந்தும். வெளியே இழுத்த ஊசியைக் கேனுலாவுக்குள் திரும்பச் செருகினால் பிளாஸ்டிக் குழாய் அறுந்து துண்டு ரத்த ஓட்டத்தில் போய்விடக்கூடும் என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். இருமுறை தவறினால் மூத்தவரை அழைப்பதே முறை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொட்டுக் கணக்கைக் கடிகாரத்தை வைத்தே பழக்க வேண்டும். 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற, மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப்ஸ் குழாய் செட்டில் 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால், நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு வரும். நோயாளி முழங்கையை மடக்கினாலே வேகம் மாறிவிடுவதால், ஒருமுறை எண்ணியதோடு விட்டுவிடக் கூடாது. மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் இறங்கும்போது இது இன்னும் முக்கியம்: குழாயை ஒரு வளையமாகச் சுருட்டிக் கையோடு பிளாஸ்திரி ஒட்டி, வழியில் அடிக்கடி ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராக நரம்பில் செலுத்தக் கூடாது, இதயம் நின்றுவிடும். பாட்டிலில் சேர்த்தபின் பலமுறை கவிழ்த்துக் கலக்காவிட்டால் அது ஓரிடத்தில் செறிந்து நிற்கும். செஃப்ட்ரியாக்சோன் என்னும் ஆன்டிபயாடிக்கை ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) திரவம் ஓடும் குழாயில் கலக்கவும் கூடாது, ஏனெனில் அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிவு உண்டாகும்.

இனி, பார்ப்பதைப் பழக்குங்கள். "ஊசி போட்ட இடம் கடுக்குதுங்களா, அம்மா?" என்று கேட்டுவிட்டு, போர்வையை விலக்கி இரு கைகளையும் ஒப்பிட்டுத் தொடச் சொல்லுங்கள். அந்த இடம் குளிர்ந்து வீங்கியிருந்தால் மருந்து வெளியே கசிகிறது. நரம்பு நெடுகச் சிவந்து சூடாக, கயிறு போல் கெட்டியாக இருந்தால் அழற்சி. இரண்டிலும் ஓட்டத்தை நிறுத்தி, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கசிந்தது திசுவை அரிக்கும் மருந்தாக இருந்தால், அவர் சொல்லும்வரை கேனுலாவை எடுக்கக் கூடாது. இதயமோ சிறுநீரகமோ பழுதான முதியவருக்கு மூச்சுத் திணறினால், டிரிப்ஸை நிறுத்திச் சாய்த்து உட்காரவைத்து மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

ஊசி தன் கையில் குத்திக்கொண்டால் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அப்போதே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கியாக வேண்டும். திட்டினால் அடுத்தவர் மறைத்துவிடுவார். ஆகவே சொன்னவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது.

எத்தனை ஊசி சரியாக ஏற்றினார் என்பதை வைத்துத் தேர்ச்சி தராதீர்கள். இரவுப் பணியில் அவரோடு வார்டைச் சுற்றி, ஒவ்வொரு படுக்கையிலும் என்ன ஓடுகிறது, எதற்காக, எவ்வளவு மீதம், கேனுலா என்று போட்டது என்று கேளுங்கள். கேஸ் ஷீட்டைப் பார்த்தும் நோயாளியைத் தொட்டும் பதில் சொல்பவரைத் தனியே பணிக்கு விடலாம்.