ஓட்டை விழுந்த காயில் புழு இல்லை: கத்தரிப் புழுவைக் கவனிப்பது எப்படி?

நெல்லிக்குப்பம் பக்கம் அரைக் காணியில் பாலூர் 1 கத்தரி போட்டிருக்கிறேன். போன பட்டத்தில் வாரம் தவறாமல் மருந்து அடித்தும் பறித்த காயில் பாதி சொத்தை. புழு எப்போது எங்கே இருக்கும் என்று தெரியாமலே அடித்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. நடவு, உரமெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. காயை அறுத்துப் பாருங்கள்

ஓட்டை உள்ள காய் பத்து, ஓட்டை தெரியாத காய் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டை உள்ளதில் பெரும்பாலும் கறுத்த கழிவுதான் இருக்கும், ஏனென்றால் அது புழு வெளியேறிய வழி. நுழைந்த வழி காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பிக்கு அடியில் இருக்கும். நகத்தால் தொப்பியைத் தூக்கினால் குண்டூசி முனையளவு ஒரு புள்ளி, அதையும் புழு தன் கழிவாலேயே அடைத்து வைத்திருக்கும். வெளியே பளபளவென்று இருக்கிற காய்க்குள்தான் இளஞ்சிவப்புப் புழு உட்கார்ந்திருக்கும்.

குருத்திலும் இதே கதைதான். நுனி தொங்குகிறது என்றால் புழு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, அதன்மேல் மருந்து அடித்துப் பயனில்லை. தொங்கிய நுனியை ஒரு விரற்கடை கீழே சேர்த்துக் கிள்ளி, பையில் போட்டு எரித்துவிடுங்கள். வரப்பில் வீசினால் திரும்பி வரும்.

2. இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள்

ஏக்கருக்கு ஐந்து, அரைக் காணிக்கு மூன்று போதும். பொறியில் தொங்கவிடும் லூர் என்பது, இந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியைப் பெண் பூச்சியின் வாசனையால் இழுக்கும் பொருள். கத்தரிக் காய்ப்புழு லூர் என்றே கேட்டு வாங்குங்கள், பருத்திக்கு உள்ளது இதற்கு உதவாது. என் ஓட்டு தண்ணீர்த் தட்டுப் பொறிக்குத்தான். சோப்புத் தண்ணீரில் விழுந்ததைக் காலையில் விரலால் எடுத்து அடையாளம் பார்க்கலாம்: சுண்டுவிரல் நகத்தளவு, வெள்ளை இறக்கையில் இளஞ்சிவப்பும் பழுப்புமாகத் திட்டுகள். ஒட்டுப் பொறியில் புழுதி படிந்து நாலே நாளில் ஒன்றும் ஒட்டாமல் போகிறது.

நான் தடுக்கி விழுந்தது உயரத்தில். நட்ட புதிதில் முழங்கால் உயரத்தில் குச்சியில் கட்டினேன், தினமும் ஏழெட்டு விழுந்தது. ஒன்றரை மாதத்தில் எண்ணிக்கை பூஜ்யம். பூச்சி ஒழிந்தது என்று நம்பி இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டேன், அடுத்த பறிப்பில் கூடை கூடையாகச் சொத்தை. செடி வளர்ந்து பொறியை மூடியிருந்தது! லூர் எப்போதும் செடியின் தலைமட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், செடி வளர வளர முடிச்சை அவிழ்த்து ஏற்றிக் கட்டுங்கள். லூரை மாதம் ஒருமுறை மாற்றுங்கள், மருந்து கலந்த கையோடு தொடாதீர்கள்.

3. எண்ணிக்கையை வைத்து நாளைக் குறியுங்கள்

காலண்டரில் தினமும் எழுதுங்கள். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் முட்டை வைப்பு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முட்டை பொரிய மூன்று முதல் ஆறு நாள். பொரிந்த புழு சில மணி நேரம்தான் வெளியே இருக்கும். அதனால் மூன்றாம் நாள் சாயங்காலம் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கிறேன், நாலு நாள் கழித்து இன்னொரு தரம்.

பிற்சேர்க்கை: பாகூரிலிருந்து ஒருவர், பொறியில் நிறைய விழுந்தும் சேதம் குறையவில்லையே என்று கேட்டிருந்தார். விழுவது ஆண் பூச்சி மட்டும். பக்கத்துத் தோட்டத்தில் இணைசேர்ந்து வரும் பெண் பூச்சியைப் பொறி தடுக்காது. அப்புறம் விசாரித்ததில், போன பட்டத்துக் கத்தரிமாரை, அதாவது பிடுங்கிய காய்ந்த செடியை, அடுப்பெரிக்கக் கொல்லையிலேயே அடுக்கி வைத்திருக்கிறார். காய்ந்த தண்டிலும் சருகிலும் கூட்டுப்புழு இருக்கும். முதலில் அதை எரித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் தட்டு நிரம்பிப் பூச்சி வழிந்து போகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். விளிம்புக்கு ஒரு விரல் கீழே நாலு சிறு துளை போட்டுவிடுங்கள், தண்ணீர் மட்டும் வடியும்.