பழைய சோனார் டிரம்முக்கு டென்ஷன் ராட் கிடைத்த கதை

1970களின் சோனார் (ஜெர்மன் கம்பெனி) ஃபோனிக் டிரம் செட். அதில் டாம் என்ற டிரம்மில், தோலை இழுத்துப் பிடிக்கும் திருகுகளான டென்ஷன் ராடுகளில் இரண்டு மட்டும் எத்தனை முறை இறுக்கினாலும் பாதிப் பாட்டில் தளர்ந்துவிடும். தெஃப்லான் டேப் சுற்றினேன், ராட் ஏறும் உலோகப் பிடியான லக்கின் உள்ளே இருக்கும் நட்டைச் சந்தேகித்தேன், கடையில் புது ராட் வாங்கிப் போட்டேன். அதுவும் கையால் சுற்றும்போது அழகாக ஏறியது, டிரம் கீ (டியூனிங் சாவி) போட்டு இறுக்கினால் நழுவியது. சில நாள் வீண்.

துப்பு ராடின் தலையில் இருந்தது. மற்ற ராடுகளுக்கு ஸ்க்ரூடிரைவர் போடும் பிளவு. இந்த இரண்டுக்கு மட்டும் சதுரத் தலை. முன்பு வைத்திருந்தவர் யாரோ மாற்றியிருக்கிறார். வெர்னியர் காலிபர் வைத்து மரையின் விட்டத்தை அளந்தேன்: பழைய பிளவுத் தலை ராட் 5.9 மி.மீ., சதுரத் தலை ராட் 5.4. கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 12-24 என்ற அங்குல மரை. பழைய சோனாருக்கு வேண்டியது எம்6, அதாவது 6 மி.மீ. மெட்ரிக் மரை. இரண்டின் மரை இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான் (1.06, 1.0 மி.மீ.), அதனால்தான் ஏமாற்றுகிறது.

ஹார்டுவேர் கடையில் ஒரு சாதாரண எம்6 போல்ட் வாங்கி லக்கில் சோதித்தேன், ஆடாமல் பிடித்தது. பிறகு, நீளம் அளந்து, பிளவுத் தலை எம்6 ராடுகளையே வரவழைத்தேன். இப்போது டியூனிங் நிற்கிறது. அப்பாடா!