உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு மூன்றாண்டுத் திட்டம் எழுதுவது எப்படி

நூலகத்துக்குத் திட்டம் போடலாம் என்றதும் எல்லோரும் என்ன புத்தகம் வாங்கலாம் என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். கடலூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்து முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், புத்தகம் கடைசியில் வரட்டும். நூலகத்துக்கு வராதவர்கள் யார், ஏன் வரவில்லை, அதைச் சரிசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, முதலில் இதைக் கண்டுபிடியுங்கள். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் எழுதுவது ஒரு சாயங்கால வேலைதான்.

உறுப்பினர் ஆவது எப்படி, வாசகர் வட்டம் எப்படித் தொடங்குவது என்பதெல்லாம் இங்கே இல்லை, உங்கள் நூலகரைக் கேட்டால் சொல்லிவிடுவார். அந்த நூலகரைக் கூட வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடங்காதீர்கள். பல கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் ஒரே ஆள்தான் கதவைத் திறந்து, பெருக்கி, புத்தகம் கொடுத்து, கணக்கு எழுதி, பூட்டிவிட்டுப் போகிறார். அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றும் திட்டம் முதல் வாரத்திலேயே படுத்துவிடும்.

படி 1: இருக்கிற கணக்கை எடுங்கள்

வருகைப் பதிவேடு, இரவல் கணக்கு, உறுப்பினர் எண்ணிக்கை, நாளிதழ் எத்தனை வருகிறது, போட்டித் தேர்வுப் புத்தகம் எத்தனை இருக்கிறது, இவற்றை நூலகரிடமே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். சிலர் எடுத்த எடுப்பில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடச் சொல்கிறார்கள். 2005 சட்டம் இருக்கிறது, 10 ரூபாய் கட்டணத்தில் 30 நாளில் பதில் வர வேண்டும், எல்லாம் சரிதான். ஆனால் நாளைக்கு யாரோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறோமோ அவருக்கே நோட்டீஸ் அனுப்பியது மாதிரி ஆகிவிடும். கேட்டும் கிடைக்காவிட்டால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

வருகைப் பதிவேட்டை அப்படியே நம்பவும் வேண்டாம். பேப்பர் படிக்க வரும் பெரியவர் தினமும் கையெழுத்துப் போடுவார், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் போடமாட்டார்கள். அதனால் பண்டிகை, பள்ளித் தேர்வு எதுவும் இல்லாத ஒரு வாரத்தில் யாராவது ஒருவர் மூலையில் உட்கார்ந்து மணிவாரியாகக் கோடு போட்டு எண்ணட்டும். பிள்ளைகள், பெண்கள், முதியவர்கள், தேர்வுக்குப் படிப்பவர்கள் என நான்கு கட்டம் போதும். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். கோடு போட்ட நோட்டும் பேனாவும்தான் என் சிபாரிசு, நடுவில் சார்ஜ் தீர்ந்துபோகாது.

படி 2: வராதவர்களிடம் போய்க் கேளுங்கள்

எங்களை ரொம்ப நேரம் நிறுத்திவைத்த படி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நூலகத்துக்குள் இருப்பவர்களிடம் படிவம் கொடுத்தால் அவர்கள் கேட்பது இன்னொரு மின்விசிறி, இன்னொரு பேப்பர், கொஞ்சம் அமைதி. நியாயமான கோரிக்கைகள்தான், ஆனால் வராதவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. கூகுள் ஃபார்ம் அனுப்பினாலும் இதே கதைதான், வாட்ஸாப் குழுவில் ஏற்கெனவே இருக்கிற ஐம்பது பேரே திரும்பவும் பதில் போடுவார்கள். ரேஷன் கடை வரிசை, பஸ் நிறுத்தம், நூறு நாள் வேலை நடக்கும் இடம், மீன் இறங்கும் துறை, டியூஷன் விடும் நேரத்துத் தெரு, இங்கெல்லாம் நின்று பேச வேண்டும். ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் போவது நல்லது, ஒருவர் பேச இன்னொருவர் எழுதலாம்.

அடுத்தது கேள்வி. "ஊருக்கு நல்ல நூலகம் வேண்டுமா?" என்று யாரைக் கேட்டாலும் "வேணும், வேணும்" என்பார்கள், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நடந்ததைக் கேளுங்கள், நினைப்பதைக் கேட்காதீர்கள். நாங்கள் கடைசியில் வந்து நின்ற கேள்விகள்: நூலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள்? உங்கள் வீட்டில் யாராவது போகிறார்களா? ஒரு நாளில் உங்களுக்கு எந்த நேரம் கை ஓயும்? போய்விட்டு ஏமாந்து திரும்பியது உண்டா, எதனால்? இதற்கு மேல் கேட்டால் ரேஷன் வரிசை நகர்ந்துவிடும்.

பதில்கள் நாங்கள் எதிர்பார்த்த திசையில் வரவில்லை. புத்தகம் இல்லை என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். துறைமுகத்துப் பக்கம் மீன் விற்கும் ஒரு அக்கா, "அங்க படிச்சவங்கதான தம்பி வருவாங்க, நான் போய் என்ன பண்ண" என்றார். அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவளை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால், "பாத்ரூம் இருக்கா அங்க?" என்று திருப்பிக் கேட்டார். இருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. அந்த ஒரு பூட்டால் எத்தனை பெண்பிள்ளைகள் வராமல் இருந்திருக்கிறார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. சிப்காட் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகும் பையன்கள் சொன்னது வேறு: "நாங்க வர்ற நேரத்துல பூட்டிருக்கும் சார், நீங்க திறக்கிற நேரத்துல நாங்க தூங்குவோம்."

பதில்களை அன்றன்றே கணினியில் ஏற்றிவிடுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், எக்செல் இருந்தாலும் சரி. ஒன்று மட்டும், தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். வானவில், பாமினி என்று பழைய எழுத்துருவில் அடித்து வைத்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும், தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது.

படி 3: நடந்து பாருங்கள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் உங்கள் பகுதியை ஏ4 தாளில் அச்செடுத்து, நூலகத்தை நடுவில் குறித்து, நான்கு திசையிலும் கால் மணி நேரம் நடந்து போய் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். ஒரு எட்டு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் தெரு, நடுவில் நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ கெடிலம் ஆறோ வந்தால் பக்கம் இல்லை. பிள்ளையைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனம் வராத இடத்தில் கோடு போட்டு வெட்டிவிடுங்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை வரவைக்க முடியாது, நூலகம்தான் அங்கே போக வேண்டும். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. நம் சீர்காழியில் 1892-ல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கான தன் ஐந்து விதிகளை வெளியிட்டது 1931-ல், அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. இப்போது வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது, தன்னார்வலர்கள்தான் அதன் பலம். உங்கள் நூலகத்தில் அது நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் திட்டத்தில் அதுவே ஒரு வரி.

படி 4: எது யார் கையில்?

எங்கள் முதல் பட்டியலில் ஒரு பக்கம் நிறையக் கோரிக்கைகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதிக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம்தான். ரசீது கிடைக்கும், பிறகு மனு ஒவ்வொரு மேசையாகச் சுற்றும். அதற்குப் பதில் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் முடிவு செய்பவர் யார் என்று எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் 1948-ம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு உண்டு. அதன் வருமானத்தில் முக்கியமானது நூலக வரி. உங்கள் வீட்டுச் சொத்து வரியோடு சேர்த்து உள்ளாட்சி அமைப்பு அதை வசூலிக்கிறது, அதாவது நூலகத்துக்கு ஒரு தடவைகூடப் போகாதவரும் அதற்குப் பணம் கட்டுகிறார். கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், பின்வரிசையில் இருப்பவர்கூட நிமிர்ந்து உட்காருவார். நேரம், ஆள், அன்றாடச் செலவு எல்லாம் மாவட்ட நூலக அலுவலர் வழியாகப் போக வேண்டியவை. தெருவிளக்கு, சாலை, வடிகால் என்றால் மாநகராட்சியோ ஊராட்சியோ பார்க்க வேண்டும். கடலூர் 2021-ல் மாநகராட்சியாகிவிட்டது, எனவே நகரத்துக்குள் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் போகலாம். கிராமத்தில் இருந்தால் கிராம சபையில் தீர்மானமாகவே போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. கட்டடம் மாதிரிப் பெரிய செலவுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். கழிப்பறைப் பூட்டைத் திறக்க இவர்கள் யாரும் தேவையில்லை, சாவி எங்கே என்று கேட்டாலே போதும்.

படி 5: மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

இங்கே சண்டை வரும், வரட்டும். மூன்று ஆண்டுக்கு மூன்று இலக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, நடந்ததா இல்லையா என்று பார்க்க ஓர் எண். "வாசிப்புப் பழக்கத்தை மேம்படுத்துதல்" என்று எழுதாதீர்கள், அதை யாரும் அளக்க முடியாது. "ஜூன் முதல் மாலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது, ஆறு மாதம் கழித்து அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் வருபவர்களை எண்ணுவது" என்று எழுதினால் அது திட்டம்.

நேரத்தை நீட்டிக்கச் சொல்லவில்லை, தள்ளி வைக்கச் சொல்கிறேன், கவனியுங்கள். நீட்டித்தால் அந்த ஒற்றை ஊழியருக்குக் கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம் என்று கோப்பு நீளும். காலையில் ஆள் வராத ஒரு மணி நேரத்தை எடுத்து மாலையில் வைப்பதற்குச் செலவு இல்லை. படி 1-ல் எடுத்த மணிவாரிக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும், அதை மனுவோடு இணைத்துவிடுங்கள்.

தேதி குறிக்கும்போது நம் ஊர்க் காலண்டரைப் பாருங்கள், நிதியாண்டு அப்புறம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் இருக்கும், பள்ளிக்கும் பெரும்பாலும் விடுமுறை. கடலோரக் குப்பங்களில் உறுப்பினர் சேர்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த விழாவும் வைக்காதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எல்லாம் பார்த்த மாவட்டம் இது. மழைக்கு முன்னால் அடித்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றுவது என்று ஒரு வரி எழுதி, அதற்கும் ஒரு தேதி போட்டுவிடுங்கள்.

எழுதி முடித்தால் இரண்டு பக்கம் வர வேண்டும். பவர்பாயிண்ட் வேண்டாம், கலர் அட்டை வேண்டாம். மூன்று நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பின்சேர்க்கை 1: சாய்தளம்

இதைப் படித்துவிட்டுச் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவர் எழுதியிருந்தார்: எல்லா நூலகத்திலும் சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியாது. சரியான பேச்சு. ஒப்பந்தக்காரர் இடம் இருக்கிற அளவுக்குச் சரிவைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார். கணக்கு எளிது, உயரத்தைப் போல 12 மடங்கு நீளம் வேண்டும். வாசல் தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 3.6 மீட்டர், 45 செ.மீ. என்றால் 5.4 மீட்டர். கதவில் 90 செ.மீ. இடைவெளி கிடைக்கிறதா என்றும் டேப் வைத்துப் பாருங்கள். மனுவில் 'சாய்தளம் அமைக்க வேண்டும்' என்று மட்டும் எழுதாமல் இந்த அளவுகளையும் எழுதி, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐயும் குறிப்பிடுங்கள். பார்வையற்ற வாசகர்களுக்கு நூலகக் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் போட்டுக் கொடுக்கலாம், அது இலவசம், ஈஸ்பீக் குரலில் தமிழும் படிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும்.

பின்சேர்க்கை 2: புதுச்சேரி நண்பர்களுக்கு

பாகூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், "எங்களுக்கு ஆணைக்குழுவே இல்லையே, படி 4-ஐ என்ன செய்வது?" அங்கே பொது நூலகங்களைக் கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது, 1827-ல் தொடங்கிய ரொமன் ரோலன் நூலகமும் அதில்தான் வருகிறது. ஆகவே நேரம், ஆள் பற்றிய மனு அந்தத் துறைக்குப் போகட்டும். தெருவிளக்கு, வடிகால் மாதிரி விஷயங்களுக்கு உங்கள் கொம்யூன் பஞ்சாயத்து. மற்ற படிகள் எல்லாம் அப்படியேதான். எல்லை ஓரத்தில் இருப்பவர்கள் படி 3-ல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு நடக்கும் தூரத்தில் இருப்பது அந்தப் பக்கத்து நூலகமாக இருக்கலாம். அங்கே உறுப்பினராகச் சேர எந்த முகவரிச் சான்று கேட்கிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொண்டு பிறகு பிள்ளைகளை அனுப்புங்கள்.