கிறிஸ்துமஸ் சாக்லேட் வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

டிசம்பர் பிறந்துவிட்டால் சாக்லேட் கடைகளில் பெட்டிகள்தான் முதலில் கண்ணில் படும். தங்கத் தாள், சிவப்பு ரிப்பன், மூடியில் பனிமான். உள்ளே இருப்பது எப்படிப்பட்ட சாக்லேட், எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பெட்டி சொல்லாது. அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும், அதிலும் கையால் செய்து விற்கும் சிறு கடைகளில்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு பட்டியல்

யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள், அவர்கள் என்றைக்குச் சாப்பிடுவார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாதவர், மது தொடாதவர், பால் சேர்க்காதவர் யார் யார் என்றும் குறித்துவிடுங்கள். பண்டிகைச் சாக்லேட்டுகளில் ரம், பிராந்தி ஊற்றியவை நிறைய வரும், வெளியே பார்த்தால் தெரியாது. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மால்டிடால் போன்ற மாற்று இனிப்பு இருக்கும். அதிலும் கார்போஹைட்ரேட் உண்டு, அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும்.

2. எதை எப்போது வாங்குவது

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி முடிக்க நினைக்காதீர்கள்.

தினம் ஒரு ஜன்னலைத் திறந்து உள்ளே இருக்கும் சாக்லேட்டை எடுக்கும் 24 ஜன்னல் அட்வென்ட் நாள்காட்டியை டிசம்பர் 1 முதல் திறக்க வேண்டும், ஆகவே அது நவம்பரிலேயே கைக்கு வந்துவிட வேண்டும். டார்க் சாக்லேட் பார்கள் நன்றாக வைத்திருந்தால் பல மாதம் தாங்கும், எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். மில்க், வெள்ளை இரண்டுக்கும் ஆயுள் கொஞ்சம் குறைவு. பாதாம், ஹேசல்நட் சேர்த்தவற்றில் கொட்டையின் எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் அவற்றைச் சில வாரம் முன்பு வாங்கினால் போதும்.

டிரஃபிளைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும். அதன் உள்ளே இருப்பது கனாஷ், அதாவது சாக்லேட்டோடு கிரீம் கலந்த கலவை. கிரீமில் ஈரம் இருப்பதால் கடையில் புதிதாகச் செய்த டிரஃபிள் பொதுவாக இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. சில கடைகளில் அதற்கும் குறைவாகவே சொல்வார்கள். முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிட்டுப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. லேபிளில் கொழுப்பைத் தேடுங்கள்

எடை அதிகமான பொருள்தான் லேபிளில் முதலில் வரும். கோகோ கொட்டையின் கொழுப்பான ‘கோகோ வெண்ணெய்’ இருக்கிறதா, அதன் இடத்தில் பாமாயில் மாதிரி தாவரக் கொழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கோகோ வெண்ணெய் நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே, 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். தாவரக் கொழுப்பில் செய்தது காம்பவுண்ட் சாக்லேட். அது மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். குழந்தைகளுக்கான குட்டிப் பொம்மைச் சாக்லேட் என்றால் பரவாயில்லை, ஆனால் நல்ல சாக்லேட்டின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

70% என்பது கோகோவும் கோகோ வெண்ணெயும் சேர்ந்த அளவு. மீதி பெரும்பாலும் சர்க்கரை. அந்த எண் கசப்பைப் பற்றிச் சொல்லும், தரத்துக்கு அது சான்று இல்லை. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோவிலிருந்து வருவது கோகோ வெண்ணெய் மட்டும்தான். அதனால் அதில் தாவரக் கொழுப்பு கலந்திருந்தால் சுவையில் உடனே தெரிந்துவிடும்.

4. பாருங்கள், உடையுங்கள், கேளுங்கள்

சாம்பிள் கொடுத்தால் சட்டென்று வாயில் போடாதீர்கள். முதலில் மேற்பரப்பைப் பாருங்கள், பளபளப்பாக இருக்க வேண்டும். பிறகு காதருகே வைத்து உடையுங்கள். பக்குவமாக டெம்பரிங் செய்த, அதாவது உருக்கிச் சூட்டைக் கட்டுப்படுத்தி ஆறவைத்த, டார்க் சாக்லேட் ‘டக்’கென்று ஒடியும், உடைந்த விளிம்பு கூர்மையாக நிற்கும். மில்க் சாக்லேட் கொஞ்சம் மெதுவாகத்தான் ஒடியும், அது குறை இல்லை. மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சை இல்லை. சூட்டில் இளகி மறுபடி இறுகியதாலோ ஈரம் பட்டதாலோ வருவது. சாப்பிடலாம், பரிசாகக் கொடுக்க வேண்டாம். நாலைந்து வகை ருசி பார்ப்பதானால் நடுநடுவே ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.

அப்புறம் இந்த மூன்றையும் கேளுங்கள்: இது என்றைக்குச் செய்தது? எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும்? உள்ளே மது, கொட்டை ஏதாவது இருக்கிறதா? முதல் கேள்விக்கே விற்பவர் மழுப்பினால் அங்கே டிரஃபிளைத் தொடாமல் பார்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘கோகோ கொட்டையிலிருந்து நீங்களே செய்கிறீர்களா?’ என்று சிலர் கெத்தாகக் கேட்பார்கள். பெரும்பாலான கடைகள் தயார் சாக்லேட்டை வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றித்தான் செய்கின்றன. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கைத்திறன் தெரிவது உள்ளே வைக்கும் கலவையில்தான்.

5. விலையும் பெட்டியும்

நிகர எடையைப் பார்த்து 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். அடியில் அட்டை மேடை கட்டி உயர்த்திய பெட்டிகளின் குட்டு அப்போது உடைந்துவிடும். உள்ளே வெற்றாக இருக்கும் சான்டா பொம்மைகளும் அப்படித்தான், ஆள் பெரிதாக நிற்பார், எடை சொற்பம். கடைக்காரர் சம்மதித்தால் பிடித்த துண்டுகளைத் தனித்தனியாக எடுத்து எளிய பெட்டியில் அடுக்கித் தரச் சொல்லுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் வாங்குகிறேன்.

6. வீட்டில் வைப்பது

15 முதல் 18 டிகிரி வரை, வெயில் படாத, வாசனைப் பொருள் பக்கத்தில் இல்லாத இடம் சரி. அவ்வளவு குளிர்ச்சி வீட்டில் இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் சாக்லேட் மேல் வியர்த்து வெள்ளைத் திட்டு விழும்.

உங்களுக்கென்று வாங்குவதை மட்டும் 25ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சான்டா, பனிமான் வடிவங்களைப் பல கடைகள் விலை குறைத்துத் தள்ளிவிடும். மிஞ்சிய டிரஃபிளுக்கும் தள்ளுபடி போட்டிருந்தால், செய்த தேதியைக் கேட்காமல் கூடையில் போடாதீர்கள்.