மாடி வீட்டுக்கு வேற மதக்காரங்க வந்து, உங்களுக்கு உள்ளுக்குள்ள திக்குனு இருந்தா

நான் கோயமுத்தூர்க்காரி. 1998 பிப்ரவரி 14 அன்னிக்கு குண்டு வெடிச்சப்ப எனக்கு ஒன்பது வயசு. அப்பா டவுன்ஹால் பக்கம் சரக்கெடுக்க போயிருந்தாரு, ராத்திரி பத்து மணிக்குத்தான் வந்து சேர்ந்தாரு, அதுவரைக்கும் அம்மா வாசப்படிய விட்டு எந்திரிக்கவே இல்ல. 58 பேர் செத்துப்போனாங்க அதுல. அதுக்கப்புறம் பல வருஷம் பஸ் முஸ்லிம்கள் நிறைய இருக்கற உக்கடத்த தாண்டும்போதெல்லாம் எனக்கு வயித்தக் கலக்கும்.

பெரியவளாகி வேலைக்கு போன இடத்துல உக்கடத்துக்கு பக்கத்துல கோட்டைமேட்டுல இருக்கற முஸ்லிம் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, எங்களுக்கு அந்த பயம் உங்களுக்கு முன்னாடியே வந்துருச்சு கண்ணுன்னு. 1997 நவம்பர் கடைசியில ஒரு டிராபிக் போலீஸ்காரர கொன்னாங்க, அதுக்கப்புறம் நடந்த கலவரத்துல 18 முஸ்லிம்கள் செத்தாங்க, இவங்க வீட்ல லைட்ட அணைச்சுட்டு புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். ஒரே ஊருக்குள்ள மூணு மாச இடைவெளியில ரெண்டு வீட்லயும் ஒரே மாதிரி உக்காந்திருந்திருக்கோம்.

அதனால பயப்படுறவங்கள நான் தப்பா பேச மாட்டேன். அந்த பயத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எனக்கு தெரிஞ்சத மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒரு பேப்பர எடுத்து எழுதுங்க: யாரு, என்ன பண்ணாங்க, எப்போ. இந்த மூணையும் நிரப்ப முடியுதான்னு பாருங்க. எங்க மாடிக்கு ஒரு முஸ்லிம் குடும்பம் குடிவந்த புதுசுல நான் எழுதிப் பாத்தேன், "யாரு"ங்கற இடத்துல மாடி வீட்டு அக்கான்னு போட்டேன், "என்ன பண்ணாங்க"ங்கற இடத்துல எழுத ஒண்ணுமே இல்ல, புர்கா போட்டுட்டு மாடிப்படி ஏறினாங்கன்னா எழுதுறது? எனக்குள்ள இருந்தது 98ஓட பயம், அத அவங்க தலையில போட்டிருக்கேன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

நிஜமாவே எழுத இருந்துச்சுன்னா அது வேற கதை. யாராவது மிரட்டினா, வீட்டு மேல கல்லெறிஞ்சா, உங்க மதத்துக்காரங்கள வெட்டணும் குத்தணும்னு பேசினா, 112க்கு போன் பண்ணுங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேஷன்ல எழுத்துல புகார் குடுங்க. மதத்த சொல்லி பகைய மூட்டுறதுக்கு குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல 196ன்னு ஒரு பிரிவே இருக்கு. புகார்ல அந்த ஆளோட பேர எழுதுங்க, அவர் சமூகத்தோட பேர எழுதாதீங்க.

பயம் ஒண்ணு, எரிச்சல் ஒண்ணு, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. ஸ்பீக்கர் சத்தம் தாங்கலைன்னா அது சத்தப் பிரச்சனை. ராத்திரி 10லிருந்து காலையில 6 வரைக்கும் வெளியில ஸ்பீக்கர் வைக்கக் கூடாதுங்கறது பொது விதி, திருவிழாவுக்கு குடுக்கிற சில நாள் விலக்கு தவிர, மாரியம்மன் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் அதே விதிதான். ஆடி மாசம் நம்ம தெருவுல வைக்கிற ஸ்பீக்கர பத்தி வாயத் தொறக்காம அடுத்தவங்களோடத மட்டும் கேக்கப் போனா உங்க பேச்சு எடுபடாது.

அடுத்தது போன். என்னப் பொறுத்த வரைக்கும் இதுதான் இருக்கறதுலயே பெருசு. 2022 தீபாவளிக்கு முதல் நாள் விடியக்காலையில கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னாடி கார் வெடிச்சுது. மத்தியானத்துக்குள்ள எங்க அபார்ட்மெண்ட் குரூப் நிரம்பிருச்சு, எந்த ஊர்ல எப்ப எடுத்ததுன்னே தெரியாத வீடியோ, "உஷார்"னு வாய்ஸ் நோட்டு, அந்த குரூப்புல மாடி வீட்டு அக்காவோட நம்பரும் இருக்குங்கற நெனப்பே யாருக்கும் இல்ல. எனக்கு கை நடுங்குச்சு, பொய் சொல்லல, 98 அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

அந்த நேரத்துக்கு நான் வெச்சிருக்கற வழி இதுதான். வாட்ஸ்அப் மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா அது கை மாறி கை மாறி வந்தது, அனுப்பினவருக்கே எங்கிருந்து கெளம்புச்சுன்னு தெரியாது. வீடியோவ ஒரு இடத்துல நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுங்க, பழசா இருந்தா பெரும்பாலும் மாட்டிக்கும். 2023 மார்ச்ல பீகார் தொழிலாளர்கள தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு பரவின வீடியோக்கள்ல சிலது வேற மாநிலத்துல நடந்தது, அத நம்பி எத்தன பேர் பெட்டியக் கட்டிட்டு ரயில் ஏறினாங்கன்னு திருப்பூர்ல கேட்டுப் பாருங்க. செக் பண்ண நேரமில்லையா, அப்ப ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, குரூப்ப ஒரு நாள் மியூட்ல போடுங்க, மறுநாள் பேப்பர்ல வர்றத படிங்க.

கார் வெடிச்ச கொஞ்ச நாள்லயே கோட்டைமேட்டு ஜமாத்காரங்க அந்த கோயிலுக்கே போய் நிர்வாகத்த பாத்து பேசிட்டு வந்தாங்க. எங்க குரூப்புல அத ஒருத்தரும் போடல, நான்தான் தேடி எடுத்துப் போட்டேன். நல்ல செய்தி தானா வராது, நாமதான் தேடிப் போகணும்.

இனி நேர்ல பழகறது. மதத்துல ஆரம்பிக்காதீங்க. தண்ணி லாரி வந்துச்சா, மோட்டார் போட்டாச்சா, கேஸ் புக் பண்ண எத்தன நாளாகுது, இதுல ஆரம்பிங்க. நாலு மாசம் இப்படியே போகட்டும் பரவால்ல. எங்கயோ குண்டு வெடிச்சா "நீங்க இதுக்கு என்னங்க சொல்றீங்க"ன்னு மட்டும் கேட்டுறாதீங்க, அந்த ஒரு கேள்வியில நீங்க அவங்கள கூண்டுல ஏத்திட்டீங்க. கார் வெடிச்ச அன்னிக்கு சாயந்திரம் நான் மாடிக்குப் போய் "அக்கா, பால் ஏதாச்சும் வேணுமா, நான் கடைக்குத்தான் போறேன்"னு கேட்டேன். அவங்க காலையிலிருந்தே வெளிய வரல. அரை லிட்டர் வாங்கிட்டு வர சொன்னாங்க. காச குடுக்கறப்ப அவங்க கையும் நடுங்கிட்டுதான் இருந்துச்சு.

வீடு தேடி வந்து புத்தகம் குடுத்து எங்க சாமிதான் உண்மைன்னு சொல்றவங்க விஷயத்துல நிறைய பேர் பதட்டப்படுறாங்க. வாசல்ல நின்னு வாக்குவாதம் வேண்டாம். "உங்க நம்பிக்கை உங்களுக்கு, எங்களுது எங்களுக்கு இருக்கட்டுங்க, வேணாங்க"ன்னு சொல்லி கையெடுத்து கும்பிட்டா பெரும்பாலும் கெளம்பிருவாங்க. கெளம்பின பிறகும் மனசு அரிச்சுட்டே இருந்துச்சுன்னா, நம்ம சாமிய பத்தி நமக்கே பதில் தெரியாத கேள்வி ஏதோ உள்ள இருக்குன்னு அர்த்தம், அத வீட்டுப் பெரியவங்ககிட்டயோ கோயில்லயோ கேட்டு தெரிஞ்சுக்கோங்க.

சாப்பாடு பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நல்ல மனசோட போயும் சங்கடமாகுறது இங்கதான். ரம்ஜான் மாசம் மாடியிலிருந்து ஒரு தூக்குல நோன்புக் கஞ்சி வந்துச்சு, வெந்தய வாசத்தோட. நாங்க கறி சாப்பிடறதில்ல. சிரிச்சுட்டே வாங்கி வெச்சுட்டு யாருக்கும் தெரியாம கொட்டியிருந்தா அடுத்த வருஷமும் அதேதான் பண்ணிட்டு இருந்திருப்பேன். "அக்கா, கறி போட்டிருக்கா?"ன்னு கேட்டேன். "ஐயோ ஆமா கண்ணு, கைமா போட்டது, நாளைக்கு உனக்குன்னு தனியா வைக்கறேன்"னு சொல்லிட்டு மறுநாள் பாசிப்பருப்பும் தேங்காப்பாலும் மட்டும் போட்டு கொண்டு வந்தாங்க.

நம்ம பக்கமும் அதே மாதிரி கேக்கணும். சாமிக்கு படைச்சத அவங்கள்ல நிறைய பேர் சாப்பிட மாட்டாங்க, அது நம்ம சாமிய அவமதிக்கறதுக்காக இல்ல, அவங்க மார்க்கத்துல அது கூடாது. எங்க வீட்ல படைக்கறதுக்கு முன்னாடி பலகாரத்துல கை வைக்க விட மாட்டாங்க. அதனால தீபாவளிக்கு மறுநாள் புதுசா மாவு பெசஞ்சு ஒரு ஈடு முறுக்கு தனியா சுட்டு, அவங்க தூக்குலயே போட்டு, "இது படைக்காததுங்கக்கா"ன்னு சொல்லி குடுத்தேன்.