‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்துக்காக வாதாடுவது எப்படி?

2016 மார்ச்சில் வெளியான ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்’ உலகம் முழுக்க சுமார் 87 கோடி டாலர் வசூலித்தது. ஆனால் விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர் மதிப்பெண் 30 சதவீதத்தைத் தொடவில்லை. அமெரிக்காவில் இரண்டாம் வார இறுதி வசூல் முதல் வார இறுதியைவிட 69 சதவீதம் விழுந்தது. இத்தனை வருடம் கழித்தும் இந்தப் படத்தின் பேரை எடுத்தாலே சண்டைதான். பிடித்தவர்கள் பெரும்பாலும் அந்தச் சண்டையில் தோற்பதற்குக் காரணம், கையில் இருக்கும் நல்ல ஆதாரங்களை விட்டுவிட்டு ‘உங்களுக்குப் புரியவில்லை’ என்று ஆரம்பிப்பது. இந்தப் படத்துக்கு அப்படிப்பட்ட வாதம் தேவையே இல்லை. இருபது வருடம் குற்றத்தோடு மல்லுக்கட்டிச் சலித்த ஒரு மனிதன் கொலைகாரனாகும் விளிம்புவரை போய்த் திரும்பி வருகிற கதை இது. படத்தின் காட்சிகளை வைத்தே அதை நிறுவிவிடலாம்.

எந்த வெர்ஷன் என்று முதலில் சொல்லிவிடுங்கள்

தியேட்டரில் வந்தது 151 நிமிடம். அதே வருடம் கோடையில் வீட்டுக்கு வந்த அல்டிமேட் எடிஷன் 182 நிமிடம். படத்துக்காக இணையத்தில் நீங்கள் எழுதும் கட்டுரையின் முதல் பத்தியிலேயே எதை வைத்துப் பேசுகிறீர்கள் என்று எழுதுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கீழே வருகிற பதில்களில் பாதி இந்தக் குழப்பத்திலேயே போய்விடும்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். நான்கு விஷயங்கள் முக்கியம். ஒன்று, ஆப்பிரிக்கக் காட்சி. தியேட்டர் வெர்ஷனில் கூலிப்படையினர் கிராமத்தினரைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள், பழி சூப்பர்மேன் மேல் விழுகிறது. பறக்கத் தெரிந்தவன் எதற்குத் துப்பாக்கி எடுக்கப்போகிறான் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. நீண்ட வெர்ஷனில் அவர்கள் பிணங்களைத் தீப்பீய்ச்சியால் எரிக்கிறார்கள். சூப்பர்மேனின் கண்களிலிருந்து வரும் நெருப்பு சுட்டதுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக. பொய்ச்சாட்சி சொன்ன பெண் மிரட்டப்பட்டவள் என்பதும் அதில்தான் தெரிகிறது. இரண்டு, கிளார்க் கென்ட் (நிருபர் வேடத்தில் வாழும் சூப்பர்மேன்) பேட்மேனின் ஊரான காதம் நகருக்குப் போய் பேட்மேனைப் பற்றி விசாரிக்கும் பகுதி. பேட்மேன் மேல் அவனுக்கு ஏன் கோபம் என்பது இதனால்தான் உருப்பெறுகிறது. மூன்று, அந்த விசாரணையோடு பிணைந்த சிறைக் கொலை. பேட்மேன் தன் முத்திரையை உடம்பில் சுட்டுப் பதித்த குற்றவாளி சிறையில் சாவதை, வில்லன் லெக்ஸ் லூதரின் ஆள் காசு கொடுத்து ஏற்பாடு செய்கிறான். நான்கு, நாடாளுமன்றக் கட்டட வெடிவிபத்து. சக்கர நாற்காலியில் ஈயம் பூசியிருந்ததால் சூப்பர்மேனால் குண்டைப் பார்க்க முடியவில்லை என்ற விளக்கமும், வெடித்தபின் அவன் காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வருவதும் இதில் உண்டு. சின்ன வெர்ஷனில் அவன் நெருப்பு நடுவே நின்றுவிட்டுக் காணாமல் போகிறான். ‘இவனுக்கு மக்கள் மேல் அக்கறையே இல்லை’ என்ற குற்றச்சாட்டு பெருமளவு அங்கிருந்து வந்ததுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தியேட்டரில் காசு கொடுத்துப் பார்த்தவரிடம் ‘நீங்கள் தப்பான வெர்ஷனைப் பார்த்துவிட்டீர்கள்’ என்று சொல்லாதீர்கள். அவருக்குக் காட்டப்பட்டது அதுதான், அவர் குறை நியாயமானது. ‘நீங்கள் சொல்வது தியேட்டர் வெர்ஷனுக்குப் பொருந்தும், நீண்டதில் அந்த ஓட்டை இப்படி அடைபடுகிறது’ என்று எழுதினால் அவரும் கேட்பார். ஃப்ரேமிங் பற்றிப் பேசுவதாக இருந்தால் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 2021-இல் வந்த ரீமாஸ்டரில் ஐமேக்ஸில் எடுத்த காட்சிகள் முழு உயரத்தோடு வருகின்றன. பழைய டிஸ்க்கில் வெட்டுப்பட்டுத் தெரியும் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் இதில் இருக்கும். எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லாமல் ‘இந்த ஷாட்டில் இது தெரிகிறது’ என்றால் எதிராளி ஸ்கிரீன்ஷாட்டோடு வந்துவிடுவார்.

குறைகளைப் பிரியுங்கள்

எல்லா எதிர்ப்பும் ஒரே வகையானது இல்லை. ‘லாஜிக் இடிக்கிறது’ என்பது ஒன்று, ‘காமிக்ஸுக்குத் துரோகம்’ என்பது இன்னொன்று, ‘இருட்டாக, சிரிப்பே இல்லாமல் இருக்கிறது’ என்பது மூன்றாவது. மூன்றாவதோடு வாதாட வேண்டாம். அது ரசனை. கடைசிச் சண்டையில் வரும் அரக்கன் டூம்ஸ்டேவை ட்ரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள் என்பதும் நியாயமான கோபம்தான். ஆனால் அது விளம்பரத்தின் தவறு, படத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.

அடுத்து, ஒப்புக்கொள்ள வேண்டியவற்றைத் தானாகவே முன்வந்து ஒப்புக்கொள்ளுங்கள். பெரிய மோதலுக்குச் சற்று முன்னால் கதையை நிறுத்திவிட்டு, கணினியில் மற்ற ஹீரோக்களின் வீடியோக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது அடுத்த படத்துக்கான விளம்பரம், வேறெதுவும் இல்லை. சூப்பர்மேனின் காதலி லோயிஸ், அவனைக் கொல்லக்கூடிய ஈட்டியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு அதையே தேடிப் போவது கதைக்காகச் செய்த சௌகரியம். எதிர்காலக் கனவுக் காட்சி இந்தப் படத்துக்குள் எதையும் முடித்து வைப்பதில்லை. இந்த மூன்றையும் முதலிலேயே எழுதிவிட்டால், ‘எதற்கெடுத்தாலும் முட்டுக்கொடுக்கிறான்’ என்ற பட்டம் உங்கள் மேல் ஒட்டாது. அதன்பின் நீங்கள் வலுவாகச் சொல்லும் ஒன்றுக்கு மதிப்பு இருக்கும்.

மார்த்தா காட்சி: வாதத்தின் மையம்

இந்தப் படத்தைக் கேலி செய்பவர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் இது. இரண்டு பேரின் அம்மாவுக்கும் ஒரே பெயர், உடனே நண்பர்களாகிவிட்டார்கள் என்பார்கள். இதை நேராக எதிர்கொள்ளாத எந்த வாதமும் நிற்காது. அதனால் எழுத உட்காரும் முன் கீழே சொல்லும் காட்சிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டைட்டில் காட்சி. பின்னாளில் பேட்மேனாகும் புரூஸ் வெய்னின் அப்பா செத்து விழும்போது கடைசியாக வாயிலிருந்து வருவது மனைவியின் பெயர். கொலைகாரனின் துப்பாக்கியில் மார்த்தாவின் முத்துமாலை சிக்கிக்கொள்வதையும் கவனியுங்கள். அடுத்தது, சூப்பர்மேனின் சண்டையில் மெட்ரோபொலிஸ் நகரம் இடியும் அழிவு. தூசிக்குள் ஓடும் புரூஸ் ஒரு சின்னப் பெண்ணைக் காப்பாற்றி, உன் அம்மா எங்கே என்று கேட்கிறான். அவள் இடிந்த கட்டடத்தைக் கைகாட்டுகிறாள். அவன் அவளை அணைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் அந்தப் பார்வையில்தான் சூப்பர்மேன் மேல் வெறுப்பு பிறக்கிறது. மார்த்தா காட்சிக்கான விதை இங்கேயே போட்டாயிற்று. கேலி செய்பவர்களில் பலர் இந்த இடத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். மூன்றாவது, கல்லறைக் கனவு. அம்மாவின் பெயர் பொறித்த கல்லிலிருந்து ரத்தம் கசிகிறது.

இப்போது சண்டையின் முடிவுக்கு வாருங்கள். ஈட்டியை ஓங்கும் முன் புரூஸ், நீ கடவுளாக ஒருநாளும் இருந்ததில்லை, மனிதனாகக்கூட இருந்ததில்லை என்ற பொருளில் பேசுகிறான். அவன் கொல்லத் துணிவதே எதிரில் கிடப்பது ஒரு மனிதன் இல்லை என்ற நம்பிக்கையில். காலடியில் கழுத்து நசுங்கக் கிடப்பவன், சாகும் தறுவாயில், அப்பா சொன்ன அதே பெயரைச் சொல்கிறான். உடனே படம் பழைய கொலைக்கு வெட்டுகிறது. ஆயுதத்தோடு நிற்பவன் இப்போது புரூஸ். தெருவில் தன் பெற்றோரைச் சுட்டவன் நின்ற இடத்தில் அவன் நிற்கிறான். லோயிஸ் ஓடிவந்து அது இவன் அம்மாவின் பெயர் என்று சொன்னதும் புரூஸின் நம்பிக்கை உடைகிறது. வானத்திலிருந்து விழுந்த இந்த அந்நியனுக்கு வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள், லெக்ஸ் கடத்தி வைத்திருக்கும் அவளும் இன்னும் சில நிமிடங்களில் சாகப்போகிறாள்.

எழுதும்போது பெயர் ஒற்றுமையை முதலில் வைக்காதீர்கள். கொலைகாரன் இடத்தில் புரூஸ் நிற்பதை முதலில் வையுங்கள். பெயர் அவனை அந்தத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகிற கயிறு மட்டும் என்று பிறகு சொல்லுங்கள். வரிசை மாறினால் வாதம் மாறிவிடும்.

இதற்கு வரும் வலுவான எதிர்க்கேள்வி, பெற்ற அம்மாபோல வளர்த்தவளை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ‘என் அம்மா’ என்றல்லவா சொல்வார்கள் என்பது. இதற்குச் சுற்றிவளைத்து விளக்கம் கண்டுபிடிக்க வேண்டாம். வசனம் கொஞ்சம் செயற்கையாகத்தான் இருக்கிறது. அந்த வசனம் தடுக்கினாலும் அதற்கு முன்பே கட்டி வைத்த காட்சிகள் தாங்கி நிற்கின்றன என்று சொன்னால் போதும். ‘முதலிலேயே பேசியிருக்கலாமே’ என்பதற்குப் படத்திலேயே பதில் இருக்கிறது. சூப்பர்மேன் வந்து இறங்கியதும், நான் நினைத்தது தப்பு, கேள் என்றுதான் ஆரம்பிக்கிறான். புரூஸ் வைத்த பொறிகள் ஒவ்வொன்றாக இயங்கி அவனைத் தாக்குகின்றன. பொறுமையிழந்து சூப்பர்மேன் புரூஸைத் தள்ளிவிட்ட பிறகுதான் சண்டை மூள்கிறது.

பேட்மேன் கொல்வதைப் பற்றி

இங்கே பலர் 1939-க்கு ஓடுவார்கள். பேட்மேன் முதன்முதலில் வந்த டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழிலேயே ஒருவன் அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான், பேட்மேனுக்கு வருத்தமில்லை. உண்மைதான். ஆனாலும் இதை முதன்மை ஆதாரமாக வைக்காதீர்கள். ஓரிரு வருடங்களுக்குள்ளேயே கொல்லாமை அவனுடைய விதியாகிவிட்டது, அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகளைத்தான் எதிராளி பேசுவார்.

இதைவிட நல்ல பாதை, அவன் கொல்வதைப் படம் கொண்டாடவில்லை என்று காட்டுவது. குற்றவாளியின் உடம்பில் முத்திரை குத்திய செய்தியைப் பார்த்ததும் புரூஸின் பணியாளர் ஆல்ஃபிரட், இது புது விதியா என்று கேட்கிறார். கையாலாகாத கோபம் நல்ல மனிதர்களைக் கொடூரமாக்குகிறது என்று எச்சரிக்கிறார். அந்த முத்திரையைத் தொடர்ந்து பாருங்கள். ஆரம்பத்தில் அது மனிதனின் தோலில் பதிகிறது. கடைசியில் சிறையில் லெக்ஸுக்கு முன்னால் அதே முத்திரையை ஓங்குகிறான், ஆனால் அது சுவரில் பதிகிறது. அவன் மாறினான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி படத்தில் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். ‘மார்த்தா காட்சிக்குப் பிறகு அவன் யாரையும் கொல்லவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அடுத்து மார்த்தாவை மீட்கப் போகும் கிடங்குச் சண்டையில் தீப்பீய்ச்சி வைத்திருப்பவனின் டாங்க்கைச் சுட்டு வெடிக்க வைக்கிறான். ஆர்வத்தில் எழுதிய அந்த ஒரு வரிக்காக மொத்தக் கட்டுரையும் தள்ளுபடியாகிவிடும். அவன் யாருக்காகச் சண்டை போடுகிறான் என்பது அங்கே மாறுகிறது, எப்படிச் சண்டை போடுகிறான் என்பது சிறைக் காட்சியில்தான் மாறுகிறது என்று பிரித்து எழுதுங்கள்.

காமிக்ஸோடு ஒப்பிடும்போது

பேட்மேனின் கவச உடையும் இருவரின் மோதலும் ஃப்ராங்க் மில்லரின் 1986 ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ தொடரிலிருந்து வந்தவை. ‘அதை அப்படியே எடுத்திருக்கிறார்கள்’ என்று பெருமைப்பட வேண்டாம். அப்படி எடுக்கவில்லை என்பதுதான் உங்களுக்குச் சாதகம். மில்லரின் கதையில் சூப்பர்மேன் அரசாங்கத்தின் ஆள், வாசகர் வயதான பேட்மேனின் பக்கம் நிற்கிறார். படத்தில் தவறு பேட்மேனுடையது, அவனைத் தூண்டிவிடுபவன் லெக்ஸ். அதே உருவங்களை எடுத்து நியாயத்தை இடம்மாற்றி வைத்திருக்கிறார்கள். அது பிடிக்காமல் போகலாம். மூலத்தைப் படிக்காமல் செய்த வேலை என்று மட்டும் சொல்ல முடியாது.

குறியீடுகளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். என் தேர்வு எக்ஸ்காலிபர். வெய்ன் குடும்பம் வெளியே வரும் தியேட்டரின் முகப்பில் 1981-இல் வந்த அந்தப் படத்தின் பெயர் தெரிகிறது. அதன் முடிவில் ஆர்தர் மன்னன், தன்னைக் குத்திய ஈட்டியின் மேலேயே முன்னேறிப் போய் எதிரியைக் கொல்கிறான். இங்கே சூப்பர்மேன் டூம்ஸ்டேயின் எலும்பில் குத்துப்பட்டபடியே முன்னால் நகர்ந்து ஈட்டியை இன்னும் ஆழமாகச் செருகுகிறான். இரண்டும் திரையில் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். சிலுவை, ஓவியம், குதிரை என்று அடுக்கிக்கொண்டே போனால் வாசகர் மூன்றாவதில் நம்பிக்கை இழப்பார்.

எழுதி முடித்த பிறகு

எண்ணூறு முதல் ஆயிரம் சொற்கள் போதும். வசூல் கணக்கை வைத்துப் படம் நல்லது என்று நிறுவப் பார்க்காதீர்கள். இரண்டாம் வாரச் சரிவு உடனே பதிலாக வரும். இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் பேட்டிகளும் வேண்டாம். திரையில் இல்லாததை அவர் விளக்க வேண்டியிருந்தால் அது படத்தின் தோல்வி, திரையில் இருந்தால் பேட்டி தேவையில்லை. வேறு நிறுவனத்தின் சூப்பர்ஹீரோ படங்களை மட்டம் தட்டும் வரிகள் இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த ஒரு வரிக்குத்தான் நூறு பதில் வரும், மார்த்தா காட்சியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

பதில்களில் காட்சியைக் குறிப்பிட்டு மறுப்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், நிமிடக் குறிப்போடு. தியேட்டர் வெர்ஷனை மட்டும் பார்த்தவர் என்று தெரிந்தால் மூன்று மணி நேரத்தையும் உட்கார்ந்து பாருங்கள் என்று அனுப்ப வேண்டாம். மெட்ரோபொலிஸ் அழிவையும் ஈயம் பூசிய நாற்காலி பற்றிய காட்சியையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவை பிடித்துப்போனால் மீதியை அவரே தேடிப் பார்த்துக்கொள்வார்.