கஞ்சா: பேரணி போதாது, பீரியடு வேண்டும்

சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் பள்ளிகளில் பதாகை, பேரணி, உறுதிமொழி, ஒரு காவல் அதிகாரியின் பேச்சு என்று ஒரு நாள் ஓடிவிடும். நடத்துங்கள், தப்பில்லை. ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் போலீஸாரே வகுப்பெடுக்கத் தொடங்கிய 'டேர்' திட்டம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. மண்டை ஓடு போஸ்டரும் அப்படித்தான். பொட்டலம் எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டுவது அதைவிட மோசம். தெரியாத பிள்ளைக்கும் ஆர்வம் வந்துவிடும்.

எந்தப் பிள்ளை சறுக்கும்? காரணம் ஒன்றாக வருவதில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். இழுக்கிற கூட்டாளி, ஏற்கெனவே தொடங்கிவிட்ட புகையிலை, வீட்டில் குடி, கவனிக்கப்படாத மனச்சோர்வு, பள்ளி விட்டதற்கும் அம்மா வேலையிலிருந்து திரும்புவதற்கும் இடையில் கேட்பாரில்லாத இரண்டு மூன்று மணி நேரம். இதோடு "இது மூலிகைதானே" என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும். கஞ்சா தொட்டவர்களில் ஏறத்தாழ 10-ல் ஒருவர் அடிமையாகிறார்; பதின்வயதில் தொடங்கினால் ஏறத்தாழ 6-ல் ஒருவர். குப்பத்துப் பையன் பழக்கம் என்று நினைக்கும் பெரிய பள்ளிகள்தான் கடைசியாக விழித்துக்கொள்கின்றன.

போதைத் தடுப்புப் பாடத்தை 7 முதல் 9-ம் வகுப்பு வரை வையுங்கள். பிளஸ் டூவில் தொடங்கினால் தாமதம். வாரம் ஒரு பீரியடு, 10 முதல் 15 வாரம், அடுத்த வருடம் மூன்று நான்கு பீரியடு நினைவூட்டல். எடுப்பவர் வகுப்பாசிரியரோ பி.இ.டி. மாஸ்டரோ, பிள்ளைகள் பேசத் தயங்காத ஒருவர்.

பாதி நேரம் பயிற்சிக்குப் போகட்டும். பிள்ளைகளுக்கு "வேண்டாம்" சொல்லத் தெரியும். அதற்குப் பிறகு வரும் கிண்டலுக்குத்தான் பதில் தெரியாது. "ஒரே ஒரு இழுப்புடா", "இன்னும் அம்மா புள்ளையாடா நீ?" என்பது போன்ற வசனங்களைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாலு நாலு பேராகப் பிரித்து, இரண்டாவது மூன்றாவது பதில் வரை சொல்லிப் பழகவிடுங்கள்: "நாளைக்கு மேட்ச், ஆள விடு மச்சான்", "எனக்கு ஒத்துக்காது, வா டீ சாப்பிடலாம்." பதில் சின்னதாக இருக்க வேண்டும், சொல்லிக்கொண்டே நடையைக் கட்ட வேண்டும். விளக்கம் சொல்ல நின்றால் மாட்டினான்.

இது சொதப்புகிற இடம் ஒன்று உண்டு. வகுப்பிலேயே காமெடியான பையனுக்கு, கஞ்சாவுக்கு இழுக்கிற கூட்டாளி வேஷம் கொடுத்துவிடுவோம். அவன் பிய்த்து உதறுவான், வகுப்பே சிரிக்கும், கடைசியில் ஹீரோ அவன்தான். ஆகவே இழுக்கிற வசனத்தை ஆசிரியரே படிக்கட்டும், கைதட்டல் மறுப்பவனுக்கு.

இதைப் போலவே, சந்தேகத்துக்குரிய ஏழெட்டுப் பேரைத் திரட்டித் தனி கவுன்சலிங் வைக்காதீர்கள். ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொள்வார்கள்.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கத் தடை இருக்கிறது (2003 சட்டம்). பெட்டிக்கடை விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே போட்டுப் புகார் கொடுங்கள்.

இனி, ஒருவன் மாட்டினால். கண் சிவப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நம்ம ஊரில் அது மெட்ராஸ் ஐயாகவும் இருக்கும், ராத்திரி முழுக்க ஃபோன் பார்த்ததாகவும் இருக்கும். மதியம் முதல் பீரியடில் அடிக்கடி காணாமல் போவது, சட்டென்று மாறிய கூட்டாளிகள், சரியும் மார்க், காசு கேட்பது எல்லாம் சேர்ந்து வந்தால் கூப்பிட்டுத் தனியாகப் பேசுங்கள். மருந்துக்கடைப் பட்டை வாங்கிச் சிறுநீர் சோதனை செய்யாதீர்கள். தொடர்ந்து இழுத்தவனுக்கு நிறுத்தி வாரங்கள் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டும். போதையில் இருக்கிறான் என்றால் காற்றோட்டமான அறையில் உட்காரவைத்து, கூடவே ஒருவர் இருங்கள். நினைவு தப்பினாலோ, இல்லாத குரல் கேட்டாலோ 108.

பையை வகுப்பின் முன்னால் கொட்டிப் பார்க்காதீர்கள். டி.சி. கிழிக்காதீர்கள், பள்ளி என்ற பிடி போனால் அவனுக்கு மிஞ்சுவது அந்தக் கூட்டம்தான். பிள்ளைக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு 2015-ம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். போலீஸ் பார்க்க வேண்டிய ஆள் அவர்.

சிகிச்சைக்குச் சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை. ஃபோனில் என்றால் 14446, மனநலத்துக்கு 14416, குழந்தைகளுக்கு 1098. பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நிறுத்திய முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை உச்சத்தில் இருக்கும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். "முன்னைவிட மோசமாயிட்டானே" என்று அப்பா கை ஓங்குவது அந்த வாரத்தில்தான். திரும்பி வரும் நாளில் பையனைப் பழைய கடைசி பெஞ்சில் உட்காரவைக்காமல், மாலையில் கேரம், கபடி என்று பள்ளியிலேயே ஐந்தரை வரை வேலை கொடுங்கள்.